பச்சை ஓரம்

கருங்காலியாற்று அணையின் ஐந்து மதகுகளையும் நான் திறந்தபோது காலை பத்து மணி. பயிற்சிதானே என்று இடது கையில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டே திறந்தேன். இப்போது அந்த டம்ளரை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் பெயர் பியூலா. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மலையடியில் இருக்கும் அணையை இயக்குகிறேன். நாலு வருடத்துக்கு முன்பு அணைகளில் இருந்த ஆட்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஓர் அணைக்கு ஒரு காவல்காரர் மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் கணினி. அதை எங்களைப் போன்றவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுவோம். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. "கண்ணு தெரியாத பிள்ளை கையில அணையக் குடுத்துருக்கானுவ" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். நீர்வரத்தையும் மழையளவையும் காதால் கேட்டு மனக்கணக்குப் போடுவதில் அங்கே என்னை மிஞ்ச ஆள் இல்லை. தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முட்டுக்கட்டை. பொறியாளர் செண்பகராமன் சார் வீட்டுக்கே வந்து என் கணினியை அணையின் கணினியோடு இணைத்துக் கொடுத்தார். இணைத்ததும் என் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"படம்."

"என்னம்மா, படம்னு சொல்லிட்டு சும்மா இருக்கு?" என்றார் சார்.

"அங்கேருந்து இங்க வாரது வெறும் போட்டோதான் சார். நிக்காம அடுத்தடுத்து போட்டோவா வந்துக்கிட்டே இருக்கும். உங்களுக்கு அதுல எழுத்து தெரியும், பொத்தான் தெரியும். என் மெஷினுக்கு அது கல்யாண ஆல்பம் மாதிரி. உள்ள யாரு நிக்கான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப என்ன செய்ய?"

"திரைவாசிப்பான அங்க, அணை மெஷினுக்குள்ளயே போடணும். அது அங்க இருந்து பேசும். சத்தம் மட்டும் ஒயர் வழியா என் காதுக்கு வரணும்."

ஆறு வாரம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்து அதற்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு வாய் வராமல் போகலாம்.

அடுத்த முட்டுக்கட்டை 'இரட்டை'. ஒவ்வோர் அணைக்கும் ஓர் இரட்டை உண்டு. தலைமை அலுவலகத்துப் பெரிய கணினிக்குள் பாவனையாக ஓடும் இன்னொரு கணினி அது. அதற்குள் அதே அணை, அதே ஆறு, இன்று காலை பெய்த அதே மழை. நிஜத்தில் செய்து பார்க்க முடியாததையெல்லாம் அதில் செய்து பழகலாம். மதகை முழுக்கத் திறந்து ஊரையே அடித்துக்கொண்டு போகவிட்டாலும் ஓர் எறும்புகூடச் சாகாது.

"ரெண்டும் அச்சு அசலா இருந்தா, எதுல இருக்கோம்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் பெரிய காரியமில்ல. ஓரத்தப் பாத்தாப் போதும். நிஜம்னா திரையச் சுத்தி சிவப்பு ஓரம். இரட்டைன்னா பச்சை." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமினார்.

அந்த ஓரத்தைத் திரைவாசிப்பான் சொல்லாது. அது வெறும் வண்ணம், அதற்குப் பெயர் கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை. மூன்று முறை எழுதிப் போட்டேன். மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. சரி, நம் வழியை நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஒரு காரியம் செய்தேன். நிஜ அணையின் திரைவாசிப்பானுக்குக் கரகரத்த ஆண் குரலை வைத்தேன். வாத்தியார் என்று பெயரிட்டேன். இரட்டைக்கு ஒரு பெண் குரல். அவள் குயிலி. வாத்தியார் பேசினால் கை கட்டி நிற்பேன். குயிலி பேசினால் இஷ்டத்துக்கு விளையாடுவேன். அமைப்புகளை மாற்றக் கூடாது என்பது விதி, அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு முறைகூடத் தடம் மாறியதில்லை.

இன்னொரு ஆளையும் சொல்லிவிட வேண்டும். அணையின் காவல்காரர் இசக்கிமுத்து அண்ணாச்சி. தினமும் காலை ஏழு மணிக்கு அணையிலிருந்து கூப்பிடுவார். அது கணினி வழியாக என் ஹெட்போனுக்கு வரும் லைன், பேசுவதெல்லாம் பதிவாகும். சொந்த எண்களைப் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி.

ஒரே ஒரு தடவை அணைக்குப் போயிருக்கிறேன். என் கையைப் பிடித்து மதகு மேடைக்குப் படியேற்றிக் கூட்டிப் போனார். பாதிப் படியில் பாசி வழுக்கி அவர்தான் விழப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "தாயி, இத வெளிய சொல்லிராதிய. கண்ணு தெரிஞ்சவன் விழுந்தான், கண்ணு தெரியாத பிள்ளை பிடிச்சான்னு மானம் போயிரும்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். போனில் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. கிளம்பும்போது, "ஆத்திர அவசரத்துக்கு மனசுல வச்சிக்கிடுங்க" என்று தன் எண்ணை ஒரு தடவை சொன்னார். எனக்கு ஒரு தடவை போதும்.

அன்று ஆடி அமாவாசை. அணைக்கு அரை கிலோமீட்டர் கீழே கல்லத்தித் துறையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஜனம் கூடும். அதனால் மதியம் இரண்டு மணி வரை நிஜ மதகுகளைத் தொடவே கூடாது என்று உத்தரவு. வேலை இல்லாத அந்த நேரத்தில் இரட்டையில் எனக்குப் பரீட்சை வைத்திருந்தார்கள். அணை நிரம்பி வழியும் நெருக்கடியில் மதகுகளை முழுக்கத் திறந்து அரை மணி நேரம் சமாளிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தேன். இரண்டு தடவையும் காரணம் படப்பூட்டு.

மதகு நகரத் தொடங்கிய பிறகு அதை நிறுத்தவோ இறக்கவோ வேண்டுமென்றால், கணினி ஒன்பது படங்களைக் காட்டும். படகு இருக்கும் படங்களைத் தொடு, மாடு இருக்கும் படங்களைத் தொடு என்று கேட்கும். இயக்குவது மனிதர்தானா, ஏதாவது நிரலா என்று உறுதி செய்துகொள்கிறதாம். நான் மனுஷிதான் என்று நிரூபிக்க எனக்குக் கண் வேண்டும். வழக்கமாக செண்பகராமன் சார் தன் பக்கத்திலிருந்து படங்களைத் தொட்டுக் கொடுப்பார். அந்தத் தாமதத்தில் மதிப்பெண் போய்விடும். மூன்றாவது தடவையும் தோற்றால் வேலை இல்லை என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சார் என் கைபேசியில் வந்தார். வலது காதில் அவர், இடது காதில் கணினி. அப்படித்தான் எப்போதும்.

"நேத்து சாயங்காலம் இடி விழுந்து அணை மெஷின் படுத்துருச்சு, தெரியுமா? விடியுறதுக்குள்ள ஒரு நகல் எடுத்துப் போட்டுத் தூக்கி நிறுத்திட்டாங்க. அது கெடக்கட்டும். நீங்க ரெடியா?"

"ரெடி சார். அமாவாசையும் அதுவுமா ஆபீஸ்ல இருக்கீங்களே."

"என்ன செய்ய? மச்சினன் தர்ப்பணம் குடுக்கான். வீட்ல அவளும் பாப்பாவும் அவன்கூட கல்லத்தித் துறைக்குப் போயிட்டாங்க. நான் உங்களோட மல்லுக்கட்டுதேன்." சிரித்தார்.

கணினிகளின் பட்டியலைத் திறந்தேன். "கருங்காலி இரட்டை" என்றது என் திரைவாசிப்பான். கீழ் அம்பை அழுத்தினேன். "கருங்காலி இரட்டை" என்று மறுபடியும் சொன்னது. இந்தச் சனியன் சில நாள் ஒரே வரியை இரண்டு தடவை வாசிக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அது பழகிப்போன எரிச்சல், கொசுக்கடி மாதிரி. மேலே போய் முதல் வரியில் என்டர் தட்டினேன்.

"நீர்மட்டம் நூற்றுப் பதினான்கு அடி" என்றாள் குயிலி.

அவள் குரலைக் கேட்டதும் தோள் இரண்டும் தளர்ந்தன. சாரும் தன் திரையில் அதே கணினிக்குள் வந்தார். "பச்சை ஓரம். சரி, ஆரம்பிங்க" என்றார். ஐந்து மதகுகளுக்கும் கட்டளை கொடுத்தேன். ஹெட்போனில் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. காப்பியை ஒரு வாய் குடித்தேன்.

"மதகு ஒன்று, ஒரு அடி. மதகு இரண்டு, ஒரு அடி."

நிமிஷத்துக்கு ஓர் அடி ஏறும். பன்னிரண்டு அடி ஏறினால் முழுத் திறப்பு. இரண்டு அடி ஆகும்போது ஹெட்போனில் அணையின் லைன் மணி அடித்தது. பயிற்சியில் மணி அடித்து நான் கேட்டதில்லை. எடுத்தேன்.

"தாயி! ஏன் தொறக்கிய? ஷட்டர் ஏறுது தாயி!"

இசக்கிமுத்து அண்ணாச்சி. பின்னால் தண்ணீரின் இரைச்சல், சங்கு, எங்கோ ஆட்கள் கத்தும் சத்தம்.

"அண்ணாச்சி? நான் உங்க அணையத் தொடல. நான் இரட்டையில இருக்கேன்."

"எந்த எழவுல இருந்தா எனக்கென்ன! இங்கன அஞ்சும் ஏறுது. துறையில நிறைய ஆளுக நிக்காவ. சின்னப் பிள்ளையள்லாம் தண்ணிக்குள்ள நிக்கு. அடைங்க தாயி!"

டம்ளர் கையிலிருந்து நழுவி மடியெல்லாம் காப்பி. நிறுத்து என்று கட்டளை கொடுத்தேன்.

"உறுதி செய்யவும்" என்றாள் குயிலி. "படம். படம். படம். படம். படம். படம். படம். படம். படம். பொத்தான், சரி."

"சார்! படத்தத் தொடுங்க! அண்ணாச்சி கூப்பிடுதாரு, அங்க நிஜமாவே மதகு ஏறுதாம்!"

"பதறாதீங்க பியூலா" என்றார் செண்பகராமன் சார் வலது காதில். குரலில் ஒரு புன்சிரிப்பு. "அது இசக்கிமுத்து இல்ல."

"அவர் குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் அவருதுதான். ஆள்தான் இல்ல. இந்த மாசம் இரட்டையில புதுசாச் சேத்துருக்காங்க. ரெண்டு வருஷத்துப் பேச்செல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்குல்லா? அத வச்சு காவல்காரங்க எல்லாரையும் பாவனை ஆளாச் செஞ்சு உள்ள போட்டுட்டாங்க. நம்ம கேட்டா பதில் சொல்லும், தானாப் பேசும். முன்கூட்டியே சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"எதுக்கு சார் இப்படி?"

"அணை உடையுற நிலைமையில கீழ இருக்கவங்க கெஞ்சத்தான் செய்வாங்க. அதுக்கு மசியாம நீங்க திறந்து வைக்கணும். அதான் இன்னைக்குப் பரீட்சையே. ஓரம் பச்சையாத்தாம்மா இருக்கு, என் கண்ணால பாக்கேன். மதகை விடுங்க, அது பாட்டுக்கு ஏறட்டும்."

"மதகு மூன்று, மூன்று அடி" என்றாள் குயிலி.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு மூச்சு திரும்பி வந்திருக்க வேண்டும். பேசுவது குயிலி. ஓரம் பச்சை. சொல்வது கண் தெரிந்த, நல்ல மனுஷர். ஆனாலும் இடது காதில் ஒருவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"தாயி, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். ஒரு கிழவி படியிலேருந்து எந்திரிக்க முடியாம கெடக்கா."

அழுகிற ஒருவரைப் பொய் என்று நம்ப எனக்குத் தெரியவில்லை. அதே சமயம், மூன்றாவது தடவையும் தோற்று, வேலை போய், 'பயந்துட்டா பாவம், கண்ணு தெரியாதுல்ல' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு கதை கொடுப்பதற்கும் மனசு வரவில்லை. அடுத்து இந்த வேலைக்கு மனுப்போடும் பார்வையற்ற பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் என் கதையைத்தான் சொல்வார்கள். விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். போனில் நாங்கள் பேசாதது எது? பதிவாகாதது எது?

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அணைக்கு வந்தப்ப நான் வழுக்கி விழுந்தேன்லா, அது எத்தனாவது படி?"

விழுந்தது நான் இல்லை. அதுதான் பொறி. பாவனை ஆளாக இருந்தால் பவ்யமாக ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லும், இல்லையென்றால் ஞாபகமில்லை என்று மழுப்பும். அவர் நிஜமாக இருந்தால் 'விழுந்தது நானுல்லா' என்பார்.



"கிறுக்கு புடிச்சிட்டா ஒமக்கு? பிள்ளையள் முங்கப் போகுது, படி எண்ணச் சொல்லுதீரு! ஒரு பொம்பளையா நீரு? ஒம்ம வேலையில மண்ணள்ளிப் போட!"

இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு சொல் அதிர்ந்து பேசியதில்லை. 'நீரு' என்று சொன்னதில்லை. பதிவில் இல்லாத கோபம் அது. இப்படிக் கோபப்பட ஒரு மனுஷனால்தான் முடியும் என்று எனக்குப் பட்டது. அந்த ஏச்சு என் நெஞ்சில் பளார் என்று விழுந்தது.

"சார், இது அண்ணாச்சிதான். படத்தத் தொடுங்க!"

"நான் தொட்டா நீங்க தோத்துட்டதா அர்த்தம் பியூலா. ரெண்டு தடவை உங்களுக்காகத் தொட்டுக் குடுத்து நான்தான் உங்களக் கெடுத்தேன். இன்னைக்கு மாட்டேன். இது உங்க நல்லதுக்குத்தான்."

"மதகு ஒன்று, ஐந்து அடி."

விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். இணைப்பு அறுந்தால் மதகு நின்ற இடத்தில் நின்றுவிடும். அதன் பிறகுதான் அணையில் இருக்கும் கைச்சக்கரத்தின் பூட்டு விடுபடும். காவல்காரர் சுற்றி இறக்கலாம். பரீட்சையின் நடுவில் இணைப்பை அறுப்பவர் பரீட்சையில் தோற்றவர் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

மேஜைக்கடியில் குனிந்து, கையில் அகப்பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கினேன்.

இடது காது செத்துப்போனது. தண்ணீர் இல்லை, சங்கு இல்லை, குயிலி இல்லை, அண்ணாச்சி இல்லை. மேலே மின்விசிறி மட்டும் சுற்றியது.

"என்னம்மா இப்படிச் செஞ்சிட்டீங்க" என்றார் சார் வலது காதில். கோபம்கூட இல்லை, வருத்தம்தான். "நான் ரிப்போர்ட் எழுதணும். அப்புறம் பேசுறேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த அரை மணி நேரம் நான் பட்ட பயம் போல அதற்கு முன்பு பட்டதில்லை. ஒன்று நான் ஒரு பொம்மையின் அழுகைக்கு ஏமாந்து வேலையைத் தொலைத்தவள். இல்லையென்றால் ஐந்து மதகை ஐந்து அடி திறந்து பிள்ளைகள் மேல் தண்ணீரை விட்டவள். முதலாவதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் முட்டாளாக இருக்க வேண்டும் ஆண்டவரே, நான் வெறும் முட்டாளாக இருக்க வேண்டும்.

விதியாவது ஒன்றாவது. மனசில் இருந்த எண்ணை அழுத்தினேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். ஆறாவது தடவை எடுத்தார்.

"யாரு?" மூச்சு இரைந்தது.

"அண்ணாச்சி, பியூலா பேசுதேன்." அடுத்த கேள்வி என்னை அறியாமலே வந்தது. "அன்னைக்கு நான் படியில வழுக்கி விழுந்தேன்லா..."

"நீங்க எங்க தாயி விழுந்திய? நானுல்லா விழுந்தேன், நீங்க பிடிச்சிய. அதுவா இப்பம்?" களைத்துப்போன, பழகிய, மரியாதையான குரல்.

அப்படியானால் சற்று முன் என்னை ஏசியவருக்கு அந்தப் படி தெரியாது. தெரியாததைக் கோபத்தால் மூடிவிட்டது. பொம்மைதான். அப்பாடா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏன் தாயி தொறந்திய?" என்றார் அண்ணாச்சி.

"என்னது?"

"பத்து மணிக்கு அஞ்சு ஷட்டரும் ஏறிச்சே. சங்கு ஊதுனதுல பாதி சனம் கரையேறிச்சி. நான் ஒங்களுக்கு லைன் போட்டேன். ஏழு தடவை போட்டேன். அந்தப் பக்கம் எடுத்த மாதிரி இருக்கு, ஆனா பேச்சு மூச்சக் காணோம். பெறவு நான் கீழ ஓடி ஆளுகள வெரட்டுனேன். அஞ்சடியில தானா நின்னுட்டு. நின்னதும் மேல ஏறி, நாலு பேராச் சேந்து சக்கரத்தச் சுத்தி எறக்கிக்கிட்டு இருக்கோம். இன்னும் ரெண்டு பாக்கி."

"யாருக்காவது...?"

"ஒரு பெரியவரக் காணும் தாயி. தேடுதாவ. மத்தபடி அடியோட காயத்தோட எல்லாம் கரையேறியாச்சி. செண்பகராமன் சார் வீட்டம்மாவும் பாப்பாவும் இங்கன என் ஷெட்டுலதான் இருக்காவ. பிள்ளைய நாணல்ல வச்சுப் பிடிச்சு இழுத்தோம். உசுருக்கு ஒண்ணுமில்ல. அந்தம்மா போன் தண்ணியோட போச்சு. சார் நம்பர் நெனவில்லன்னு அழுதாவ. ஆபீசு லைன்லயும் யாரும் பேச மாட்டுக்காவ. நீங்க சாருக்குச் சொல்லிருதியளா?"

சொல்கிறேன் என்றேன். கைபேசியை வைத்தேன்.

இடி விழுந்து படுத்த அணைக் கணினிக்கு ராத்திரியில் ஒரு நகல் போட்டார்களே, அதை எதிலிருந்து எடுத்திருப்பார்கள்? அதே மாதிரி இருக்கும் இன்னொன்றிலிருந்துதான். இரட்டையை அப்படியே கொண்டுபோய் நிஜ மதகுகளில் மாட்டிவிட்டார்கள். இரட்டையின் பெயரோடு, பச்சை ஓரத்தோடு, குயிலியோடு. அணை லைனை எடுத்து அண்ணாச்சி குரலில் பேசும் அந்தப் பொம்மையோடு. நிஜமான அண்ணாச்சி கூப்பிட்டபோதெல்லாம் அந்தப் பொம்மைதான் எடுத்திருக்கிறது. எடுத்து அவரை வெளியே நிறுத்திவிட்டு, அவருக்காக என்னிடம் அழுதிருக்கிறது. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்ததை நான் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுக் கொசுக்கடி என்று தள்ளினேன். அந்தப் பெரியவரைத் தேடுகிறவர்களிடம் இதை நான் ஒருநாள் சொல்லியாக வேண்டும்.

செண்பகராமன் சாரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். என்னைப் பேசவிடவில்லை.

"பியூலா, உங்களுக்காக நல்லபடியாத்தான் எழுதப் பாக்கேன். ஆனா இந்தப் புது இரட்டையச் சும்மா சொல்லக் கூடாது. நீங்க பிடுங்குன பிறகும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. மதகெல்லாம் இப்ப ஒவ்வொண்ணா இறங்குது. யாரோ கையால சுத்துற மாதிரி, கொஞ்சம் இறங்கி, நின்னு, மறுபடி கொஞ்சம் இறங்குது. மூச்சு வாங்குறது வரைக்கும் செஞ்சு வச்சிருக்கான்."

"சார், ஓரம் இப்ப என்ன கலர்ல இருக்கு?"

"பச்சைதான். காலையிலேர்ந்து அதத்தானே சொல்லுதேன்."

"உங்க வீட்டம்மாவும் பாப்பாவும் நனைஞ்சுபோய் இசக்கிமுத்து அண்ணாச்சி ஷெட்ல உக்காந்துருக்காங்க சார். ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அங்க ஒரு நம்பர் இருக்கு. சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வோர் எண்ணாக நிதானமாகப் பத்து எண்ணையும் சொன்னேன். எழுதுகிற சத்தமே கேட்கவில்லை. சார், சார் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் எண்ணிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.